சைரனின் இரண்டாவது குட்டி

தங்கச் சுரங்க ஊரான கோரமண்டலில் பவ்யா வீட்டு ஆட்டுக்குச் சைரன் என்று பெயர். தீவனம் வைக்கக் கொஞ்சம் தாமதமானால் போதும், தெரு முழுக்கக் கேட்கும்படி கத்தும். "சுரங்கத்துல ஷிப்ட்டுக்கு ஊதுன சங்கு கூட இப்படிக் கத்தலியே!" என்று எதிர்வீட்டுப் பார்வதம்மா காதைப் பொத்திக்கொள்வார்.

சைரன் ஒரு கிராஸ் ஆடு. அதன் தாய் நாட்டுச் செம்மறி. தகப்பன், இரட்டைக் குட்டிக்குப் பேர்போன வேறொரு சாதிக் கிடா. குட்டிக்காக ஆடு வளர்ப்பவர்கள் சந்தையில் இந்த மாதிரி ஆட்டைத்தான் தேடுவார்கள். சைரனும் முதல் ஈற்றிலேயே இரண்டு குட்டி போட்டது.

சிக்கல் அங்கேதான். பெரிய குட்டியை நக்கி நக்கிப் பால் கொடுத்த சைரன், சின்னதைக் கிட்டவே சேர்க்கவில்லை. வந்தால் முட்டித் தள்ளியது. அந்தச் சின்னதுக்குப் பவ்யா பட்டாணி என்று பெயர் வைத்தாள்.

அப்பாவுக்குத் தெரிந்தால் பட்டாணியைக் கறிக்கடைக்குக் கொடுத்துவிடுவாரோ என்று அவளுக்குப் பயம். யாரிடமும் சொல்லாமல், பாட்டிலில் பால் ஊற்றி அவளே வளர்த்தாள். வீட்டில் பால் குறைகிறதே என்று அம்மா பக்கத்து வீட்டுப் பூனையைத் திட்டினார். பூனை பாவம், வாயே திறக்கவில்லை.

குட்டிகள் துள்ளி ஓடத் தொடங்கியதும், தாயையும் குட்டிகளையும் சேர்த்து விற்றுவிடலாம் என்றார் அப்பா ராஜேந்திரன். அவர் விடிகாலை ரயிலில் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறவர். கொட்டகையில் இடமும் இல்லை, அவருக்கு நேரமும் இல்லை. இரண்டு குட்டியோடு நிற்கிற ஆட்டுக்கு நல்ல விலையும் கிடைக்கும்.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவும் பவ்யாவும் ஆடுகளோடு டெம்போவில் பங்காரப்பேட்டை சந்தைக்குப் போனார்கள். வழி முழுக்கச் சைரன் கத்திக்கொண்டே வந்தது.

சந்தையில் அவர்களிடம் முதலில் வந்தது கோவிந்தம்மா. பேத்தமங்கலம் பக்கத்துக் கிராமம். கன்னடம் கலந்த தமிழில் பேசினார். சைரனின் வாயைத் திறந்து பல்லைப் பார்த்தார். முதுகைத் தடவினார். குனிந்து மடியைத் தொட்டுப் பார்த்தார். எல்லாம் பிடித்திருந்தது.

"ரெண்டு குட்டிக்கும் பால் குடுக்குதா?" என்று கேட்டார்.

"ஐயே, இன்னா இப்டிக் கேட்டுட்டீங்க? ரெண்டையும் தன் பால்லயே வளத்துச்சு" என்றார் அப்பா.

"குடிக்க விடுங்க, பாக்கறேன்."

"கெளம்பும்போதுதான் வயிறு முட்டக் குடிச்சதுங்க. இப்ப வாய் வைக்காது."

பவ்யா அப்பாவை ஆச்சரியமாகப் பார்த்தாள். காலையில் பட்டாணி குடித்தது பாட்டில் பாலைத்தானே!

"வேணும்னா என் பொண்ணையே கேளுங்க. ஆட்டைப் பாத்துக்கறது அவதான்" என்றார் அப்பா.

கோவிந்தம்மா பவ்யாவின் பக்கம் திரும்பினார். "ஹௌதா பாப்பா? நெஜமா?"

பவ்யாவின் தலை தானாக ஆடியது. ஆமாம் என்று.

"அது போதும்" என்றார் கோவிந்தம்மா. "போன தடவ வாங்கின ஆடு ஒரு குட்டிய ஒதுக்கிடுச்சு. நான் பகல் பூரா தக்காளித் தோட்டத்துல. வீட்ல பாட்டில் பிடிக்க யாரும் இல்ல. சாயங்காலம் வந்து பாத்தா குட்டி செத்துக் கெடந்துச்சு. அத நெனச்சா இப்பவும் சோறு எறங்காது."

பவ்யாவுக்கு முகமெல்லாம் சூடாகிவிட்டது. பட்டாணி ஒன்றும் புரியாமல் அவள் பாவாடை நுனியைச் சப்பிக்கொண்டிருந்தது. கோவிந்தம்மாவின் முகத்தைப் பார்க்க அவளுக்கு வெட்கமாக இருந்தது. பட்டாணியின் முகத்தைப் பார்க்க அதைவிட வெட்கமாக இருந்தது.

அப்பா தோளிலிருந்த துண்டை எடுத்து இருவர் கையையும் மூடினார். அந்தச் சந்தையில் பேரம் அப்படித்தான். விலையை வாயால் சொல்லமாட்டார்கள். சுற்றி நிற்பவர்களுக்குத் தெரியாமல், துண்டுக்கு அடியில் விரலைப் பிடித்துச் சொல்வார்கள். விலை படிந்து கையை வெளியே எடுத்துவிட்டால் வியாபாரம் முடிந்தது. அப்புறம் யாரும் பேச்சு மாறக்கூடாது.

துண்டு அசைந்தது. கோவிந்தம்மா கட்டாது என்று தலையை ஆட்டினார். மறுபடி அசைந்தது. அப்பாவின் உதட்டில் சிரிப்பு எட்டிப்பார்த்தது.

"கையை எடுக்காதீங்க!" என்று கத்தினாள் பவ்யா.

பக்கத்தில் ஆடு பார்த்துக்கொண்டிருந்தவர்கள்கூடத் திரும்பினார்கள்.

"நான் தலையாட்டினது பொய். சைரன் பட்டாணிக்குப் பால் குடுக்காது. முட்டித் தள்ளிடும். நான்தான் பாட்டில்ல குடுக்கறேன். அப்பாவுக்குத் தெரியாது."

சொல்லி முடிப்பதற்குள் அழுகை வந்துவிட்டது. அங்கேயே மண்ணுக்குள் போய்விடலாம் போலிருந்தது.

"நல்லா வளத்திருக்காங்க பொண்ண! இத்துனூண்டு வயசுல சந்தையில நின்னு பொய் சொல்லுது" என்றார் மீசைக்கார வியாபாரி ஒருவர். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள்.

அப்பா கையை உருவிக்கொண்டார். துண்டு கீழே விழுந்தது. அதை எடுக்கக்கூட அவர் குனியவில்லை.

"அவள ஒண்ணும் சொல்லாதீங்க" என்றார். "எனக்குத் தெரியும். வீட்டுக்குப் பால் பாக்கெட் வாங்கறவன் நான்தான். குட்டிக்கும் சேத்து, ஒண்ணு வாங்கற எடத்துல ரெண்டு வாங்கினேன். தெரிஞ்சேதான் கொழந்தைய முன்னால நிறுத்தினேன்."

சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். அப்பா தலை குனிந்து நின்றார். அவர் அப்படி நின்று பவ்யா பார்த்ததே இல்லை. அழுகையையும் மறந்து அவர் சட்டை நுனியைப் பிடித்துக்கொண்டாள்.

"அய்யோ தேவரே!" என்றார் கோவிந்தம்மா. "பேடாப்பா. இந்த ஆடு எனக்கு வேணாம்." பையை எடுத்துக்கொண்டு நடந்தார்.

பவ்யா கண்ணைத் துடைத்தாள். கொஞ்சம் யோசித்தாள். பிறகு அவர் பின்னாலேயே ஓடினாள்.

"அம்மா, நில்லுங்க! பெரிய குட்டிய சைரன் நல்லாத்தான் வளக்குது. இது நெஜம். இப்பவே குடிக்க விடறேன், பாருங்க. சைரனையும் பெருசையும் மட்டும் வாங்கிக்குங்க. பட்டாணி எங்க வீட்லயே இருக்கட்டும்."

"அடுத்த தடவையும் ரெண்டு போட்டா? ஒண்ண ஒதுக்கினா? அப்ப நான் இன்னா செய்யறது?"

"அப்பா நம்பருக்கு போன் பண்ணுங்க. நான் வந்து எடுத்துட்டுப் போறேன். பால் மறந்து புல் தின்ன ஆரம்பிச்சதும் கொண்டுவந்து குடுத்துடறேன்."

கோவிந்தம்மா அவளை மேலும் கீழும் பார்த்தார். "போன் பண்ணா வருவியா?"

"வருவேன்."

இந்த முறை பவ்யா தலையாட்டவில்லை, வாயைத் திறந்தே சொன்னாள்.

பெரிய குட்டியை அவிழ்த்துவிட்டார்கள். அது ஓடிப்போய் வாலை ஆட்டி ஆட்டிக் குடித்தது. சைரன் அமைதியாக நின்றது. கோவிந்தம்மா பார்த்துக்கொண்டே இருந்தார். கடைசியில் அவரே குனிந்து துண்டை எடுத்து உதறினார். அப்பா நினைத்திருந்ததைவிட விலை குறைவுதான். ஆனாலும் வியாபாரம் முடிந்தது.

திரும்பும்போது டெம்போவில் சத்தமே இல்லை. பட்டாணி பவ்யா மடியில் தூங்கியது. அப்பா வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

"உன்னப் பொய் சொல்ல வெச்சுட்டேன். எனக்கே அசிங்கமா கீதும்மா" என்றார் மெதுவாக.

"தலையாட்டினது நான்தானேப்பா. எனக்கும்தான்."

"எனக்குத்தான் ஜாஸ்தி."

"இல்ல, எனக்குத்தான்."

இதிலும் பேரமா என்று அப்பாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பவ்யாவும் சிரித்தாள். ஆனால் வீடு வரும்வரை இருவருக்கும் அந்தக் கூச்சம் முழுதாகப் போகவில்லை.

மாதங்கள் போயின. பட்டாணி வளர்ந்து, கதவை முட்டித் திறக்கிற ஆடாகிவிட்டது. ஒரு நாள் சாயங்காலம் அப்பாவின் போன் அடித்தது. பவ்யா எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"பாப்பா, நான் கோவிந்தம்மா. சைரன் குட்டி போட்டிருக்கு."

"ரெண்டா?" என்றாள் பவ்யா.

"மூணு! ஒண்ணுக்குத்தான் பால் குடுக்குது. மிச்சம் ரெண்டும் கத்துதுங்க. நீ ஒண்ணுக்குத்தானே வரேன்னு சொன்னே?"

பவ்யா திகைத்துப்போய் அப்பாவைப் பார்த்தாள். அவர் வாசலுக்குப் போய்ச் செருப்பை மாட்டினார்.

"இன்னா நிக்கறே? கெளம்பு. ஒண்ணுக்கு நீ பாட்டில் பிடி, இன்னொண்ணுக்கு நான் பிடிக்கறேன்."