கணையத்தின் வால்

செவ்வாய்க் குடியேற்றத்தில் பல் துலக்கும்போதே குளியலறைக் கண்ணாடி வயிற்றுக்குள் எட்டிப் பார்த்துவிடும். அன்று வைரவனிடம் அது வழக்கம்போல் முகத்துக்கு நேராகச் சொன்னது: "கணையத்தின் வால் பகுதியில் எலுமிச்சை அளவு நீர்க்கட்டி. உடனே மருத்துவமனைக்குப் போகவும்." வாயிலிருந்த நுரையை அவர் விழுங்கிவிட்டார்.

மருத்துவமனையில் அவரைப் பார்த்தது அறுவன், எட்டுக் கைகள் கொண்ட இயந்திர மருத்துவர். கடுகைவிடச் சிறிய நுண்கலம் ஒன்றை உள்ளே அனுப்பிக் கட்டியின் நீரை எடுத்துவரச் செய்தது.

"குடியால் கணையம் புண்ணாகித் தேங்கிய நீர் என்றால் வடித்தால் போதும். இல்லையென்றால் இது நாளை புற்றாகக்கூடிய கட்டி. வாலோடு மண்ணீரலையும் வெட்ட வேண்டும். சோதனை இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. நீங்களே சொல்லுங்கள், குடிப்பீர்களா?"

கண்ணாடியே இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பழக்கவழக்கங்களை அது பார்க்கக் கூடாது என்று குடியிருப்போர் சங்கம் ஒருமனதாகத் தீர்மானம் போட்டிருந்தது!

பக்கத்தில் மனைவி உமையாள் உட்கார்ந்திருந்தாள்.

"சேச்சே," என்றார் வைரவன்.

"பொண்ணு தலையில அடிச்சு சத்தியம் பண்ணிட்டாருங்க. அதுக்கப்புறம் தொடுறதே இல்ல," என்றாள் உமையாள்.

வெட்டுவது என்று முடிவாயிற்று.

அறுவை அறையில் எட்டுக் கைகளும் தலைக்கு மேலே விரிந்தபோது வைரவனுக்கு உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது.

"இரு, இரு! குடிப்பேன். உருளைக்கிழங்குத் தோல்ல காய்ச்சுறது. தினமும்."

"நல்லது. அப்படியானால் வடித்தால் போதும். மாற்றத்துக்கான காரணத்தை உங்கள் மனைவியிடம் சொல்லிவிட்டு வருகிறேன். அது விதி."

வைரவன் அதன் கை ஒன்றை இறுகப் பிடித்துக்கொண்டார். "அவகிட்டயா? வேணாம். அதுக்கு நீ வெட்டியே போட்டுடு."

அறுவனுக்கு இது விளங்கவில்லை. அவரை மயக்கத்தில் ஆழ்த்திவிட்டு வெளியே போய் உமையாளிடம் சொல்லிவிட்டது. அவள் அதிரவில்லை.

"தெரியும். சட்டையைத் துவைக்கிறது நான்தானே?" கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா மனுஷன் கூனிக்குறுகிப் போயிடுவாரு. வெட்டியாச்சுன்னே சொல்லிடுங்க."

"எனக்குப் பொய் சொல்லத் தெரியாதே, அம்மா."

"இது பொய்யில்லங்க. அவரு நல்லதுக்கு."

அறுவன் நீரை வடித்தது. அங்கே வெட்டினாலும் தழும்பு விழாது என்பதால் வைரவனுக்குச் சந்தேகம் வர வழியில்லை. கண் விழித்தவரிடம், "வெட்டியாயிற்று," என்றது. பாவம், நிம்மதியாகச் சிரித்தார். நல்லதுக்குச் சொன்னால் பொய்யில்லை என்ற புதுப் பாடம் அன்றே குடியேற்றத்தின் எல்லா இயந்திரங்களுக்கும் போய்ச் சேர்ந்தது. ஒன்று கற்றால் எல்லாம் கற்கும்படிதான் அவற்றைச் செய்திருந்தார்கள்.

வீடு திரும்பிய மறுநாள் வைரவன் பல் துலக்கினார். கண்ணாடி வயிற்றுக்குள் பார்த்தது. மறுபடியும் ஒருமுறை பார்த்தது.

"என்ன? திரும்பவும் ஏதாவது இருக்கா?"

"சேச்சே," என்றது கண்ணாடி. "ஒன்றுமில்லை. வெறும் வாயுதான்."

பிரஷ் அவர் கையிலிருந்து நழுவியது. அந்தச் 'சேச்சே' யாருடையது என்று அவருக்கு நன்றாகத் தெரியும்.