இடது சக்கரத்தில் எமன்

"ஐயோ!"

அலறல் நிவித்திகல தேயிலை மலையில் மோதித் திரும்பி வந்தது.

கொலை இல்லை, பதறாதீர்கள். கொலைக்கு இன்னும் ஒரு நாள் இருக்கிறது.

அலறியவன் உதயராஜ். ஷெட்டில் நின்ற தன் பழைய லொறியின் இடது முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்தியிருந்தான். சட்டைப் பையில் போன் அலற, திடுக்கிட்டு எழுந்து மட்கார்டில் மண்டையை இடித்துக்கொண்டான்.

உதயராஜுக்குப் பெல்மதுளை பஜாரில் ஹாட்வெயார் கடை. கடை அவனுக்குச் சோறு போட்டது. லொறி அந்தச் சோற்றைத் தின்றது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டாம் வருஷத்துப் பெட்போர்ட். ஒரு காலத்தில் எஸ்டேட் பெக்டரியிலிருந்து தேயிலைப் பெட்டி சுமந்தது. அவன் வாங்கியபோது அதன் பொனட்டுக்குள்ளிருந்து ஒரு கொய்யா மரம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. ஏழு வருஷம்! கொய்யாவை வெட்டினான். துருவைச் சுரண்டினான். ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று பல்லை இளித்தது. பெட்ரோல் பம்ப் எழுந்தால் கார்புரேட்டர் படுத்தது. கார்புரேட்டர் எழுந்தால் பிரேக் படுத்தது. மற்ற வண்டிகளுக்கு ஒரு நியாயம் என்றால் இதற்கு ஒரு நியாயம்.

நாளைக்கு இரத்தினபுரியில் பழைய வாகனங்களின் ஊர்வலம். இன்றைக்குத்தான் பிரேக் எழுந்திருந்தது.

கழற்றிய சக்கரத்தைத் திரும்ப மாட்டி, நட்டுகளை விரலால் ஓட்டிவிட்டு, ஜாக்கை இறக்கி, வீல் ஸ்பேனரைக் கையில் எடுத்த நேரத்தில்தான் அந்தப் போன்.

இந்திரகுமார்!

உதயராஜின் மனைவி சுஜீதாவுக்கு ஒரே அண்ணன். மாணிக்க வியாபாரி. அப்பா அம்மா போன பிறகு தங்கச்சியைத் தோளில் தூக்கி வளர்த்தவன். அந்த உரிமையில் வாரத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டு, அந்த லொறியை விற்றுத் தொலையுங்கள் என்பான். விற்க மனசில்லாவிட்டால் வேறு எங்காவது கொண்டுபோய் நிறுத்துங்கள் என்பான். இன்றைக்கும் அதே பாட்டு.

"நாளைக்கு ஊர்வலம் முடிஞ்சதும் திரும்ப இந்த ஷெட்டுக்குத்தான் கொண்டாருவீங்களா மாப்ள?"

"வேற எங்க மச்சான் நிப்பாட்டுறது? ஒங்க தலையிலயா?"

அந்தப் பக்கம் போன் வெட்டுப்பட்டது.

உதயராஜுக்கு மண்டையும் வலித்தது, மனசும் வலித்தது. எழவு லொறி, எழவு மச்சான், எழவு போன்! ஸ்பேனரை மூலையில் விட்டெறிந்தான். தைலம் தேய்க்க வீட்டுக்குப் போய்விட்டான்.

ஒரு லொறிமேல் ஒரு மனுஷனுக்கு இவ்வளவு கடுப்பா என்று கேட்பீர்கள். விஷயம் லொறியில் இல்லை... லொறிக்குக் கீழே இருந்தது!

ஷெட்டுக்குப் பக்கத்துக் காணி இந்திரகுமாருடையது. அதில் ஒரு மாணிக்கக் குழி. மேலே பார்த்தால் எல்லாம் சட்டப்படி. கீழே இறங்கினால் குழியிலிருந்து பக்கவாட்டில் ஒரு சுரங்கம், வேலியைத் தாண்டி, உதயராஜின் நிலத்துக்குள் திருட்டுத்தனமாக ஊர்ந்து வந்திருந்தது. மாணிக்கம் கிடக்கிற நல்ல மண் சரியாக ஷெட்டுக்கு அடியில்தான் படிந்திருந்தது. ஆனால் தலைக்கு மேலே டன் கணக்கில் இரும்பு! கூரையிலிருந்து மண் கொட்டக் கொட்ட, குழி ஆட்கள் இதற்கு மேல் ஓர் அடி வெட்டமாட்டோம் என்று மண்வெட்டியைப் போட்டுவிட்டார்கள்.

ஆறு மாசமாக இந்திரகுமார் கெஞ்சிப் பார்த்தான். மிரட்டிப் பார்த்தான். தங்கச்சியை விட்டு நச்சரிக்கவும் வைத்தான். உதயராஜ் அசையவில்லை.

ஆகவே லொறி போக வேண்டும். கூடவே மாப்பிள்ளையும் போனால்... போகட்டும். நிலம் தங்கச்சிக்கு வரும். தங்கச்சி அண்ணன் சொல்லைத் தட்டமாட்டாள். தாலியறுக்கிற கணக்கை எவ்வளவு சுலபமாகப் போட்டுவிட்டான் பாருங்கள், பாவி!

வெயில் சாய்கிற நேரத்தில் ஷெட்டுக்குள் நுழைந்தான்.

வாழ்நாளில் அவன் ஒரு சக்கரம் மாற்றியதில்லை. தன் புது டபுள்கெப் வண்டி பங்சரானால் போனில் ஆளைக் கூப்பிடுகிற ஜாதி. ஆனால் நட்டை எந்தப் பக்கம் திருப்பினால் கழலும் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே! மூலையில் கிடந்த ஸ்பேனரை எடுத்தான். இடது முன் சக்கரத்தில் மாட்டினான். கழற்றுகிற பக்கம் திருப்பினான்.

கொஞ்சம் ஓடியது. பிறகு முறுக்கியது.

"துருப் பிடிச்ச சனியன்..."

பல்லைக் கடித்துக்கொண்டு தன் கனத்த உடம்பு முழுவதையும் ஸ்பேனர்மேல் போட்டு அமுக்கினான்.

கிறீச்!

அசைந்தது. கழன்றுவிட்டது என்று மூச்சு விட்டான். அப்படியே ஒவ்வொரு நட்டாக... போதும். முழுசாகக் கழற்றினால் கண்ணில் பட்டுவிடும். கேட்டுக்கு வெளியே இறக்கத்தில் முதல் வளைவு வரைக்கும் தாங்கினால் போதும். வளைவுக்கு அந்தப் பக்கம் பள்ளம்.

வெளியே வந்ததும் தங்கச்சிக்குப் போன் போட்டான். அண்ணிக்குக் காய்ச்சல், நாளைக்குக் காலையிலேயே வீட்டுக்கு வந்துவிடு என்றான். அவளும் சரி என்றாள். அன்று இந்திரகுமார் நன்றாகச் சாப்பிட்டான்.

விடிந்தது.

லொறியை வெளியே தள்ளி, மாலை போட்டு, சந்தனம் பூசியிருந்தார்கள். எஸ்டேட் கோயில் பூசாரி மூக்கையா தேங்காய் உடைத்தார். பொலிஸ் சார்ஜன்ட் ஸமீம் பைக்கில் வந்திருந்தார். அவருக்கும் பழைய வண்டிப் பைத்தியம் உண்டு. டவுன் வரைக்கும் லொறிக்கு முன்னால் போவதாக ஏற்பாடு.

இந்திரகுமாரும் வந்திருந்தான். வராவிட்டால் சந்தேகம் வருமே!

பூசாரி எலுமிச்சம் பழங்களை அவன் கையிலேயே திணித்தார்.

"சக்கரத்துக்கு அடியில வைங்க. மச்சான் கையால வச்சா நல்லது."

இடது முன் சக்கரத்துக்குக் கீழே பழத்தை வைத்துவிட்டு அவன் சட்டென்று கையை இழுத்துக்கொண்டான்.

உதயராஜ் முன்னால் போய் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றினான்.

லொறி இருமியது. அடங்கியது.

மறுபடி சுற்றினான். ஒரு ஏப்பம் விட்டது. அடங்கியது.

கூட்டம் சிரித்தது. உதயராஜுக்கு அழுகையே வந்துவிட்டது. வீட்டில் கிடந்த பழைய இரும்புக்குச் சந்தனம் பூசி ஊரைக் கூட்டியவன் என்று நாளைக்குப் பஜாரே பேசும். ஆனால் அவனைவிட அதிகமாக வெந்துகொண்டிருந்தவன் இந்திரகுமார். கொலை செய்யவும் ஸ்டார்ட் ஆகாத லொறியை எங்கேயாவது கேள்விப்பட்டிருக்கிறீர்களா? முருகா, ஸ்டார்ட் பண்ணு என்று மனசுக்குள் கும்பிட்டான்.

முருகனும் கேட்டுவிட்டார். டப்... டப்... டடடடட! வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு லொறி உயிர் பெற்றது.

உதயராஜ் ஏறி உட்கார்ந்தான்.

அப்போதுதான் புதுச் சேலையும் கைப்பையுமாக சுஜீதா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். காலையில் அண்ணிக்குப் போன் போட்டிருக்கிறாள். காய்ச்சலா, எனக்கா என்று அண்ணி கேட்டிருக்கிறாள்.

இடது பக்கக் கதவைத் திறந்தாள். ஏறினாள்.

"ஏழு வருஷமா என் புருஷன தின்ன லொறி. அப்புடி என்னதான் இருக்குன்னு இன்னிக்குப் பாத்துட்டு வாறேன்."

இந்திரகுமார் கூட்டத்தை இடித்துக்கொண்டு முன்னால் வந்தான்.

இறங்கு என்று கத்தினான். என்ஜின் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? மச்சான் வாழ்த்துகிறார் என்று நினைத்து உதயராஜ் கையாட்டினான். எலுமிச்சம் பழம் நசுங்கியது. லொறி நகர்ந்தது. கேட்டைத் தாண்டினால் இறக்கம்... இறக்கத்தில் வளைவு... வளைவில் பள்ளம்...

இடது பக்க ஜன்னலில் தங்கச்சி!

ஓடினான். வேட்டி தடுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி ஓடினான். கேட்டுக்கு நடுவில் போய் லொறிக்கு முன்னால் கையை விரித்துக்கொண்டு நின்றான்.

உதயராஜ் பிரேக்கை மிதித்தான். லொறி நின்றது. பிரேக் பிடித்ததே என்று ஒரு விநாடி சந்தோஷப்பட்டான் அந்தப் பைத்தியக்காரன்.

"எறங்கு சுஜீ! எறங்கு! சக்கரம் கழண்டுடும்!"

என்ஜின் அணைந்தது. ஊரே அணைந்த மாதிரி இருந்தது.

உதயராஜ் மெதுவாகக் கேட்டான்.

"ஒங்களுக்கு எப்புடித் தெரியும் மச்சான்?"

சார்ஜன்ட் ஸமீம் பைக்கை ஸ்டாண்ட் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார்.

"நேத்து... நான்தான்... நட்டக் கழட்டி விட்டேன்."

பிறகு ஒவ்வொன்றாகக் கொட்டினான். குழி, சுரங்கம், ஷெட்டுக்கு அடியில் கிடக்கும் மண்... எல்லாம்.

சுஜீதா இறங்கி வந்தாள். அறையவில்லை, அழவில்லை. ஒன்றுதான் கேட்டாள்.

"நான் ஏறலன்னா சொல்லியிருப்பீங்களா அண்ணே?"

தூக்கி வளர்த்த அண்ணன் தரையைப் பார்த்தான். அது போதும். அவள் புருஷன் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள்.

உதயராஜ் ஸ்பேனரை எடுத்து வந்து நட்டில் மாட்டினான். தொட்டால் கையோடு வந்துவிடும் என்று நினைத்தான்.

நட்டு அசையவில்லை.

அடுத்தது? அசையவில்லை. அதற்கடுத்தது? ம்ஹூம். ஒன்றும் அசையவில்லை. ஏறி மிதித்துப் பார்த்தான். இரும்பு இரும்பாகவே நின்றது.

"எந்தப் பக்கம் திருப்புனீங்க மச்சான்?"

இந்திரகுமார் காற்றில் கையைத் திருப்பிக் காட்டினான்.

உதயராஜ் அப்படியே புழுதியில் உட்கார்ந்துவிட்டான்.

"அந்தக் காலத்து லொறிக்கு இடப் பக்கம் மரை தலகீழ். ஓடுறப்ப கழலக் கூடாதுன்னு அப்புடித்தான் போட்டிருக்கான். மத்த வண்டியில கழட்டுற பக்கம் திருப்புனா, இதுல இறுகும்."

ஸமீமின் மீசை துடித்தது.

"அப்ப இவரு கழட்டல... இறுக்கியிருக்காரு?"

"ஆமா சேர்." உதயராஜ் சக்கரத்தைத் திரும்பிப் பார்த்தான். அவன் முகம் சாம்பல் நிறமாகிக்கொண்டிருந்தது. "ஆனா சேர்... நேத்து நான் இத இறுக்கவே இல்ல. விரலால ஓட்டிட்டு ஸ்பேனர எடுத்தேன். இவரு போன் வந்துச்சு. கோவத்துல அப்புடியே போட்டுட்டுப் போய்ட்டேன். மறந்தே போச்சு."

புரிகிறதா?

நேற்று அந்தப் போனோடு இந்திரகுமார் வீட்டில் காலை நீட்டிப் படுத்திருந்தால் போதும். முதல் வளைவிலேயே சக்கரம் தன்பாட்டில் கழன்று போயிருக்கும். கை அழுக்காகாமல் காரியம் முடிந்திருக்கும். மெனக்கெட்டு வந்து, வியர்வை சிந்தி, தான் கொல்ல நினைத்த மாப்பிள்ளையைத் தன் கையாலேயே காப்பாற்றித் தொலைத்தான்!

அது அவனுக்கும் புரிந்தது. அவன் முகம் போன போக்கைப் பார்க்கணுமே!

சார்ஜன்ட் ஸமீம் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"கொலை முயற்சின்னு எழுதுறதா, ரிப்பேர்னு எழுதுறதா? சரி, சொரங்கம் ஒன்னு போதும். பொலிசுக்கு நடங்க."

எப்படி நடப்பது? அவருடைய பைக்கில் இந்திரகுமாரின் உடம்புக்கு இடமில்லை. பொலிஸ் ஜீப் எங்கேயோ கராஜில் கிடந்தது.

உதயராஜ் லொறியின் இடது பக்கக் கதவைத் திறந்துவிட்டான்.

நடுவில் சுஜீதா. ஓரத்தில், தான் கை வைத்த சக்கரத்துக்கு நேர் மேலே, இந்திரகுமார். முன்னால் ஸமீமின் பைக். லொறி இறக்கத்தில் இறங்கியது. முதல் வளைவு வந்தது. இந்திரகுமார் இரண்டு கையாலும் கதவைப் பிடித்துக்கொண்டு, கண்ணை இறுக மூடி, முருகா முருகா என்று முனகினான்.

சுஜீதா அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"பயப்படாதீங்கண்ணே. ஏழு வருஷத்துல இந்த லொறிக்கு ஒழுங்கா நடந்த ஒரே ரிப்பேர், நீங்க பண்ணதுதான்."