கெட்டித் தண்ணீர்

அந்த வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீருக்காகக் காலையிலிருந்து சண்டை நடந்துகொண்டிருந்தது.

சண்டை போட்டவர் தாத்தா. ரயில்வே கேட்டைத் திறந்து மூடும் கேட்கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கையைக் காட்டினால் லாரிகூட நின்றுவிடும். அப்படிப்பட்டவரிடம் வழவழவென்று ஒரு கெட்டித் தண்ணீரை நீட்டி, "குடிங்க" என்றால் கோபம் வராதா?

போன மாதம் தாத்தாவுக்குப் பக்கவாதம் வந்தது. கை கால் தேறிவிட்டன. தொண்டை மட்டும் மக்கர் செய்தது. தண்ணீர் குடித்தாலே புரையேறியது. ஒருமுறை தண்ணீர் நுரையீரலுக்குள் போய், காய்ச்சல் வந்து, மறுபடியும் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டார். எதைக் குடித்தாலும் அதைக் கெட்டியாக்கும் ஒரு மாவைக் கலந்துதான் குடிக்க வேண்டும் என்று டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார். குடிக்காமலே இருந்தாலும் ஆஸ்பத்திரிதானாம்.

அம்மா அவசர அவசரமாகக் கலக்கினால் தண்ணீர் கட்டி தட்டியது. அப்பா கலக்கினால் கூடவே அரை மணி நேரம் புத்திமதியும் வந்தது. தாத்தா இரண்டையும் தொடவில்லை. "இது தண்ணியா, போஸ்டர் ஒட்டுற பசையா?" என்று கேட்டார்.

அலுத்துப்போன இருவரும் மாவு டப்பாவை மிளகிடம் ஒப்படைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினார்கள். மிளகு அவர்களுடைய மகள். ஆள் பொடிசு, பேச்சு காரம். தாத்தா வைத்த பட்டப்பெயர்தான் அது.

வாசல் கதவு மூடியதுமே தாத்தா குழைந்தார். "கண்ணு, ஒரே ஒரு வாய் நல்ல தண்ணி குடேன்."

"முடியாது தாத்தா. டாக்டர் திட்டுவார்."

அந்த டாக்டருக்குத் தன் வயதில் பாதிகூட இருக்காது என்று தாத்தா முறுக்கிக்கொண்டார். வெடித்திருந்த அவர் உதடுகளைப் பார்க்க மிளகுக்குப் பாவமாக இருந்தது. அதே சமயம் எரிச்சல் எரிச்சலாகவும் வந்தது. கெட்டித் தண்ணீரை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு வீட்டுப்பாடம் எழுதப் போனாள்.

திரும்பி வந்தபோது டம்ளர் காலி. மிளகுக்குத் தலைகால் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்திலேயே ஜன்னலோரப் பூந்தொட்டிக்குத் தண்ணீர் ஊற்றப் போனவள் அப்படியே நின்றாள். தொட்டி மண்ணின்மேல் கெட்டித் தண்ணீர் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

தாத்தா சட்டென்று கூரையைப் பார்த்தார்.

மிளகுக்கு வந்த கோபத்தில், கையிலிருந்த தண்ணீரை அதன் தலையிலேயே கொட்டினாள். தண்ணீர் சரசரவென்று ஓடிப் பக்கத்து மண்ணுக்குள் காணாமல் போனது. கெட்டித் தண்ணீரோ இன்னும் நகரலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது.

மிளகு கோபத்தை மறந்தாள். ஒரு தட்டை எடுத்து வந்தாள். ஒரு சொட்டு நல்ல தண்ணீர், ஒரு சொட்டு கெட்டித் தண்ணீர். தட்டைச் சாய்த்தாள். முதல் சொட்டு ஓடித் தரையில் விழுந்தது. இரண்டாவது நிதானமாக இறங்கியது. பாகுத்தன்மை என்ற வார்த்தையை அவள் பரீட்சைக்காக உருப்போட்டிருந்தாள். அதைக் கண்ணால் பார்த்தது இன்றுதான்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் அக்கா தொண்டைப் படம் காட்டிச் சொன்னதும் இப்போது புரிந்தது. தட்டைத் தூக்கிக்கொண்டு தாத்தாவிடம் ஓடினாள்.

"தாத்தா, மூச்சு போற வழிக்கு ஒரு கேட் இருக்கு. நாம முழுங்கும்போது அது மூடிக்கும். உங்க கேட்கீப்பருக்கு இப்ப உடம்பு சரியில்ல, மெதுவாத்தான் மூடுறார். அவர் மூடுறதுக்குள்ள தண்ணி உள்ள பாய்ஞ்சிடுது."

"இந்தப் பசை?"

"அது மெதுவாத்தானே வரும்? அதுக்குள்ள அவர் மூடிடுவார்."

தாத்தா தட்டை வாங்கினார். மறுபடியும் இரண்டு சொட்டு விடச் சொல்லி, தானே சாய்த்துப் பார்த்தார்.

"கேட் இறங்கும்போது குனிஞ்சு ஓடுறவனுங்கதான் வேலையில என் உயிரை வாங்கினானுங்க," என்றார். "பாவம், அந்த ஆளு உள்ள தனியா என்ன பாடு படுறாரோ."

மிளகு சமையலறைக்கு ஓடினாள். இந்தத் தடவை பழச்சாறு எடுத்தாள். டாக்டர் சொன்ன அளவு மாவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, கை வலிக்கக் கலக்கினாள். ஒரு கட்டிகூட இல்லை. இரண்டு டம்ளரில் ஊற்றி, ஒன்றைத் தாத்தாவிடம் கொடுத்துவிட்டு மற்றதைத் தானே குடித்தாள். முகம் அஷ்டகோணலானது.

"நல்லாவே இல்ல தாத்தா," என்று ஒப்புக்கொண்டாள்.

ஒரு மாதத்தில் முதல்முறையாகத் தாத்தா சிரித்தார். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து, ஒவ்வொரு வாயாக நிதானமாகக் குடித்தார். ஒவ்வொரு வாய்க்கும் மிளகு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். இருமல் வரவேயில்லை.

தாத்தா காலி டம்ளரை நீட்டினார்.

"ரொம்ப தாகமா இருக்கு. இன்னொன்னு கலக்கு. உனக்கு வேண்டாம், எனக்கு மட்டும்."