கிட்ட இருக்கும் குரல்

மைக்கை அணைத்துவிட்டுப் பாட்டைப் போட்ட பிறகும் ரேடியோ நிலைய அறையின் ஏ.எம். ஸ்பீக்கரில் அவள் குரல் நிற்கவில்லை.

பாட்டுக்கு அடியில், கரகரப்புக்குள் புதைந்து, யாரோ அவளைப் போலவே மூச்சை இழுத்து, அவளைப் போலவே கடைசிச் சொல்லை நீட்டிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதே நிகழ்ச்சிதான் பக்கத்து எஃப்.எம். ஸ்பீக்கரிலும் போனது. அதில் பாட்டு மட்டும், துடைத்து வைத்ததுபோல் கேட்டது.

என்ஜினீயரைக் கூப்பிட்டாள். எதைக் கேட்டாலும் பாடம் எடுக்காமல் விடாத மனுஷர்.

"ஏ.எம். அப்படித்தாம்மா. இருட்டினா எங்கெங்கேயோ இருக்கிற ஸ்டேஷன் எல்லாம் வந்து ஒண்ணுமேல ஒண்ணு ஏறிக்கும். எஃப்.எம்.ல அந்தக் கதையே இல்ல. எது பலமா வருதோ அதுதான் கேக்கும். மத்தது இருந்த இடம் தெரியாது."

"என் குரல் மாதிரியே இருக்கு, சார்."

"அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்" என்று சிரித்தபடி டீ குடிக்கப் போனார்.

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அடுத்த தெருவில், வீட்டில் மகள் தனியாக இருந்தாள். வீட்டு அழைப்பு மணி கெட்டுப்போனதிலிருந்து இருவருக்கும் ஒரு பழக்கம்: அம்மா ரேடியோவில் விடைபெற்றதும் மகள் தாழ்ப்பாளை எடுத்துவிடுவாள்.

போன் அடித்தது. மகள்தான்.

"என்னம்மா, இன்னிக்கு சீக்கிரமே முடிச்சிட்டே?"

"இன்னும் முடிக்கலையேடி. பாட்டுதானே போகுது?"

"பாட்டா? இப்பதானே வணக்கம் சொன்னே! தாழ்ப்பாள எடுத்துட்டேன். சீக்கிரம் வா, பசிக்குது."

"எதுல கேட்டே?"

"எப்பவும்போல எஃப்.எம்.லதான்."

என்ஜினீயர் சொன்னது நினைவுக்கு வந்தது. எஃப்.எம்.மில் பலமானதுதான் கேட்கும். அடுத்த தெருவில் நிலையத்தின் ஒலிபரப்பையே அமுக்க வேண்டுமென்றால், அந்தக் குரல் வீட்டு வாசலிலேயே நிற்க வேண்டும்.

"போடு! தாழ்ப்பாளப் போடு!"

மகள் அதற்குள் போனை வைத்துவிட்டிருந்தாள். மறுபடி அடித்தாள். யாரும் எடுக்கவில்லை. ஓட எழுந்தாள், ஓடினாலும் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. மைக்கைப் போட்டுக் கத்தினாள். "கண்ணு, கதவைத் திறக்காதே! அது நானில்ல!"

எஃப்.எம். ஸ்பீக்கரில் அவள் அலறல் மட்டும்.

ஏ.எம்.மில் அலறல். அதற்கு அடியில் அவள் குரலே, நிதானமாக.

"கண்ணு. அம்மா வந்துட்டேன்."

அதே ஸ்பீக்கரில் கதவு முனகியது. அவள் வீட்டுக் கதவு. மரத்தில் எதுவோ மோதியது. பிறகு மகளின் சிரிப்பு.

"ஐயோ, குனிஞ்சு வாம்மா. நிலையில தலை இடிக்குது பாரு."

அவள் குள்ளம். அந்த நிலைக்கு ஒருநாளும் குனிந்ததில்லை.