அந்தக் கிளாஸைக் குடிங்க, இன்ஸ்பெக்டர்!

"வீ...ல்!"

லிஸ்பன். அல்ஃபாமா மேட்டில் ஒரு விருந்தினர் விடுதி. பட்டப்பகலில் அதன் மொட்டை மாடியில், துடைப்பத்தோடு வந்த வேலைக்காரி க்ராஸா போட்ட அலறலில் புறாக்கள் மொத்தமும் எழும்பிப் பறந்தன.

விடுதி முதலாளி டுவார்த்தே தரையில் கிடந்தான். வாய் பிளந்து!

மேஜையில் செர்ரிப்பழ மது. ஒரு கிளாஸ் நிறைய... இன்னொன்று பாதி.

எதிரே இரியா. ஸ்பெயின்காரி. வீகோவிலிருந்து ஊர் பார்க்க ஒற்றையாக வந்தவள். கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

"செத்துட்டாரா?" க்ராஸா கேட்டாள்.

"அவ்வளவு நல்ல மனசு இவனுக்கு ஏது? மூச்சு வருது பாருங்க. ஆம்புலன்ஸுக்கும் போலீஸுக்கும் போன் பண்ணுங்கக்கா."

போன் செய்துவிட்டு வந்தாள்.

"என்ன பண்ணினே பொண்ணே?"

"கிளாஸை மாத்தி வச்சேன். அவ்வளவுதான். என் கிளாஸ்ல எதையோ கலக்கினான். ஜன்னல் கண்ணாடியில தெரிஞ்சுது. போன் வந்து உள்ளே போனான்... அவன் கிளாஸை நான் எடுத்துக்கிட்டேன், என்னோடதை அவனுக்குத் தள்ளிட்டேன்."

"அட கடவுளே..."

"வந்ததுலேர்ந்து ஒரே பாட்டு! ஊரு மோசம், டிராம்ல பிக்பாக்கெட், சந்துல குடிகாரன், தனியா போகாதே, துணைக்கு நான் வரேன்... நான் எல்லாச் சந்தும் தனியாத்தான் சுத்தினேன். வழி கேட்டா ஒரு தாத்தா பஸ் ஸ்டாப் வரைக்கும் கூடவே வந்து விட்டுட்டுப் போனார். இந்த ஊர்ல எனக்கு ஆபத்தான ஒரே இடம் இவனோட மாடிதான்!"

க்ராஸா துடைப்பத்தைப் பிடித்தபடி அழ ஆரம்பித்தாள்.

"போன வருஷம் ஒரு செக் பொண்ணு... அதுக்கு முன்னாடி ஒரு டென்மார்க் பொண்ணு... காலையில அழுதுக்கிட்டே இறங்கிப் போனாங்க. போனது பணம் மட்டுமில்லேம்மா..."

"போலீஸுக்குப் போகலையா?"

"போனாங்களே! இன்ஸ்பெக்டர் பிரண்டாவ்... 'குடிச்சுட்டுக் கனவு கண்டிருக்கே, ஊருக்குப் போ'ன்னு விரட்டிட்டார். இவருக்கு ரொம்ப வேண்டியவர். ரெண்டு பேரும் ஒரே தட்டுல மத்தி மீன் சாப்பிடறவங்க!"

"நீங்க ஏன் வாயைத் திறக்கலை?"

"வேலை போயிடும்னு..."

இரியா அவளை முறைத்தாள். பிறகு மேஜையைப் பார்த்தாள்.

"இப்ப அந்த இன்ஸ்பெக்டர்தான் வருவாரா?"

"அவர்தான்!"

இரியா யோசித்தாள்.

ஆம்புலன்ஸ் வந்தது. டுவார்த்தே ஸ்ட்ரெச்சரில் போனான்.

அடுத்து... தொப்பை முன்னே வர, பின்னால் பிரண்டாவ் வந்தார். அவருக்குப் பின்னால் கான்ஸ்டபிள் லூர்தெஸ். இளம்பெண். இந்த ஸ்டேஷனுக்குப் புதுசு.

"தனியாவா வந்தீங்க?" பிரண்டாவ் இரியாவிடம் கேட்டார்.

"ஆமா."

"புருஷன்?"

"இல்லை."

"காதலன்?"

"இல்லை."

"அப்ப யாரோடதான் வந்தீங்க?"

"பெட்டியோட."

லூர்தெஸ் சட்டென்று குனிந்து ஷூ லேஸைச் சரி செய்தாள். உதட்டில் சிரிப்பு!

பிரண்டாவின் காது சிவந்தது.

"கண்டவனோட உட்கார்ந்து குடிக்க வேண்டியது... அப்புறம் ஐயோ அம்மான்னு கத்த வேண்டியது! உங்களை மாதிரிப் பொம்பளைங்களாலதான் எங்க ஊருக்கே கெட்ட பேரு!"

"ஊரு தங்கமான ஊரு சார். அதுல உங்களையும் சேர்த்து எண்ண வேண்டியிருக்கே, அதுதான் வருத்தம்!"

"வாயை அடக்கு! டுவார்த்தேக்கு இதயம் வீக். மாரடைப்பு! கிளாஸ்ல ஒரு மண்ணும் இல்லை. பேசாம பெட்டியைத் தூக்கிக்கிட்டு ரயிலேறிடு. இல்லே... அவனுக்கு விஷம் வச்சதே நீதான்னு கேஸ் எழுதுவேன். எங்க ஜெயில்ல பெட்டிக்கு இடம் கிடையாது!"

சொல்லிக்கொண்டே பாதி கிளாஸை எடுத்தார். பூந்தொட்டிப் பக்கம் சாய்த்தார்...

"சார்! நல்ல சரக்கை ஏன் செடிக்கு ஊத்தறீங்க? நீங்களே குடிச்சுடுங்க!"

"என்னது?"

"ஒண்ணும் இல்லேன்னுதானே சொன்னீங்க? ஒரே ஒரு மடக்கு. நீங்க ஆடாம நின்னா, எல்லாம் என் கற்பனைதான்னு எழுதிக் குடுத்துட்டு இப்பவே ரயிலேறிடறேன்."

"நான்... டியூட்டியில குடிக்கிறதில்லை!"

"போன வாரம் இதே மாடியில, இதே யூனிஃபார்ம்ல ஒரு பாட்டிலைக் காலி பண்ணினீங்களே சார்?"

கேட்டது க்ராஸா! கேட்டபின் அவளே மிரண்டு போனாள். ஆனால் தலையைக் குனியவில்லை.

"குடிங்க சார்," என்றாள் லூர்தெஸும் மெல்ல. "பிரச்னை தீர்ந்துடும்."

பிரண்டாவ் கிளாஸை உதடு வரை கொண்டு போனார். கை ஆடியது. நெற்றியில் வியர்வை...

"ச்சீ! பைத்தியங்களா நீங்க? அவன் கலக்கற கலவையில ஒரு வாய் உள்ளே போனாலே நாள் பூரா எழுந்திருக்க முடியாது!"

சொன்ன பிறகுதான்... சொன்னது அவருக்கே கேட்டது!

"அவன் என்ன கலக்கறான்னு உங்களுக்கு எப்படி சார் தெரியும்?" லூர்தெஸின் விரல் வாக்கி-டாக்கியின் பட்டனை அழுத்தியிருந்தது.

பிரண்டாவ் இளித்தார். சளக்! மது முழுவதும் தொட்டி மண்ணில் இறங்கியது.

"என்ன தெரியும் எனக்கு? எங்கேடி சாட்சி? செடியைக் கூட்டிக்கிட்டுப் போய்க் கோர்ட்டுல நிறுத்து!"

"நிறுத்தலாம் சார். ஆனா அதுக்கு ஒண்ணும் தெரியாது," என்றாள் இரியா. "அவன் பாதி குடிச்ச கிளாஸை ஆம்புலன்ஸ் டாக்டரம்மா அப்பவே சீல் வச்சு எடுத்துட்டுப் போயிட்டாங்க. நீங்க ஊத்தினது... இந்த அக்கா பாட்டில்லேர்ந்து புதுசா ஊத்தி வச்ச சுத்தமான சரக்கு!"

"எ... என்ன?"

"சுத்தமான மதுவைப் பார்த்து இப்படி நடுங்கின முதல் குடிகாரர் நீங்கதான்!"

"துப்பாக்கியை மேஜை மேல வைங்க சார்," என்றாள் லூர்தெஸ். "தலைமை அலுவலகத்துல எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுதான் இருந்தாங்க, ஆள் வருது."

"நானும் வந்து சாட்சி சொல்றேன்," க்ராஸா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அந்த ரெண்டு பொண்ணுங்களுக்கும் சேர்த்து."

கீழே ஜீப் கிளம்பும் சத்தம் கேட்ட பிறகுதான் இரியா கால்மேல் போட்ட காலை இறக்கினாள். க்ராஸா இரண்டு புதுக் கிளாஸ்களில் ஊற்றினாள்.

"எப்படிம்மா இருக்கு எங்க ஊர்ச் செர்ரி?"

இரியா ஒரு வாய் உறிஞ்சினாள்.

"பழமெல்லாம் நல்ல பழம்தான்க்கா. அழுகினது ரெண்டே ரெண்டுதான்... ஒண்ணு ஆம்புலன்ஸ்ல போச்சு, இன்னொண்ணு ஜீப்ல போகுது!"