ஓரமில்லாத காயம்

அந்தக் காயத்தை விமலா போடவில்லை.

மானிட்டரில் அது தெளிவாகத் தெரிந்தது. முள்கம்பி வேலிக்குப் பின்னால் கூச்சல் போட்டுக்கொண்டிருந்த கூட்டத்தில், கூச்சல் போடாமல் ஒருவன் நின்றான். இடுப்பில் கட்டம் போட்ட சாரோங், பொத்தான் இல்லாத சட்டை. இடது தாடைக்குக் கீழே தொடங்கிக் காதுவரை ஏறியிருந்த புண் நடுவில் கறுத்து, சுற்றிலும் வெளிறி, அவன் மூச்சு விடும்போதெல்லாம் லேசாக உப்பி அடங்கியது. அன்று காலையிலிருந்து அவள் கை படாத முகம் அந்தக் கூட்டத்தில் ஒன்றுகூடக் கிடையாது. எல்லா முகமும் அவளுக்கு நினைவிருந்தது. இந்த முகம் அவற்றில் இல்லை.

"இதைத்தான்லா நான் கேட்டேன்," என்றார் இயக்குநர் ஆம்புரோஸ். "மத்ததெல்லாம் கஞ்சிய ஒட்டி வச்ச மாதிரி இருக்கு. எல்லாத்துக்கும் இப்படியே போட்டிருக்கலாம்ல?"

"அது நான் போட்டதில்லண்ணே."

"பின்ன, பேய் வந்து போட்டுச்சா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். விமலாவுக்குக் காது மடல் சுட்டது.

ஈப்போவில் மணப்பெண்களுக்கு அலங்காரம் செய்வது அவள் தொழில். பல வருடமாக ஒரே மாதிரி புருவம், ஒரே மாதிரி சிரிப்பு. இந்தப் படத்துக்குக் கூப்பிட்டபோது கடையைப் பூட்டிவிட்டு ஓடி வந்ததற்குக் காரணம், வேறு எதையாவது செய்து பார்க்க வேண்டும் என்ற ஏக்கம்தான். கிருமி பரவி நாடே செத்துப்போன பிறகு, மிச்சமிருக்கும் நோயாளிகளை வேலிக்குள் அடைத்து வைத்திருக்கிறார்கள். கதாநாயகன் மோட்டார் சைக்கிளில் வேலியை உடைத்துக்கொண்டு பாய்ந்து வருகிறான். அதுதான் கதை. அந்த நோயாளிகளின் புண்களுக்காக அவள் வாரக்கணக்கில் தன் கையிலேயே ரப்பர் பாலும் டிஷ்யூவும் ஒட்டிப் பழகியிருந்தாள். ஓட்ஸ் கலந்து பொருக்கு செய்யக் கற்றிருந்தாள். அத்தனைக்கும் பிறகு பாராட்டு வந்தது, அவள் செய்யாத ஒன்றுக்கு.

துணை நடிகர்களைப் பஸ்ஸில் ஏற்றி வந்தவன் கார்த்திகேசு. அவனைத் தேடிப்போய்க் கேட்டாள்.

"சாரோங்கா? நான் ஏத்திட்டு வந்தவனுங்க எல்லாம் ஜீன்ஸ்லா," என்றான் அவன், நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்திலிருந்து தலையை நிமிர்த்தாமல். "பக்கத்துல எவனாச்சும் வேடிக்கை பார்க்க வந்திருப்பான்."

"வேடிக்கை பார்க்க வந்தவனுக்கு முகத்துல எப்படிப் புண்ணு வரும்?"

"அக்கா, காலையிலேருந்து எல்லாராலயும் தலை பூசிங். நீங்க வேற."

பக்கத்தில் என்று சொல்ல அங்கே எதுவும் இல்லை. செமோர் ஊரைத் தாண்டி, செம்பனைத் தோட்டத்துக்குள் வெகுதூரம் மண்பாதையில் வந்தால்தான் இந்த இடம். ரப்பர் மரங்களை வெட்டிச் செம்பனை நட்டபோது, ஏனோ தொழிலாளர்கள் குடியிருந்த இந்த ஒரு வரிசை லயத்தை மட்டும் இடிக்காமல் விட்டுவிட்டார்கள். தகரக் கூரையில் துரு. சுவரெல்லாம் பாசி. வீட்டுக் கதவுகளின் மேல் குறுக்காகப் பலகை அடித்திருந்தது. முன்பக்கத்து வேலி மட்டும் படத்துக்காகப் போட்டது. பின்பக்கம் ஏற்கெனவே ஒரு வேலி இருந்தது என்று காலையில் யாரோ சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். வேலை மிச்சமாம்.

விமலா லயத்தின் பின்பக்கம் போனாள். சுண்ணாம்பு மலைக்கு அந்தப் பக்கம் இடி உருண்டுகொண்டிருந்தது. ஈரக் காற்றில் ஒட்டுப்பால் நாற்றம் கனமாக வந்து மூக்கில் ஒட்டியது. ரப்பர் மரமே இல்லாத காட்டில், மரத்தைச் சீவி வைத்த கோப்பையில் இரவெல்லாம் கிடந்து அழுகிய பாலின் நாற்றம். பழைய வேலி இடுப்புயரப் புல்லுக்குள் துருப்பிடித்து நின்றது. அதன் மேல்நுனி உள்பக்கமாக வளைக்கப்பட்டிருந்தது. வெளியிலிருந்து வருகிறவனைத் தடுக்கிற வேலி அப்படி வளைந்திருக்காது.

"ஐயா," என்று கூப்பிட்டுப் பார்த்தாள். "இங்க யாரும் இருக்கீங்களா?"

பலகை அடித்த ஒரு கதவுக்குப் பின்னால் மூச்சு கேட்டது. தூங்குகிறவரின் மூச்சு போல நிதானமாக, ஈரமாக. பக்கத்துக் கதவுக்குப் பின்னாலும் கேட்டது. அதற்கடுத்த கதவுக்குப் பின்னாலும்.

திரும்பி வந்தபோது அவள் காலணி முழுக்கச் சேறு.

"அண்ணே, அந்த ஆளுக்கு நிஜமாவே புண்ணு. உள்ளயும் ஆளுங்க இருக்காங்க போல. யாரையாவது கூப்பிட்டுச் சொல்லணும்."

ஆம்புரோஸ் வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜெனரேட்டர் இருமுறை விக்கி நின்றுபோயிருந்தது. கதாநாயகன் சுகுமாரன் ஜிம்முக்கு நேரமாகிவிட்டதென்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

"நிஜப் புண்ணா இருந்தா இன்னும் நல்லதுலா," என்றார் அவர். "விமலா, உங்க வேலைய மட்டும் பாருங்க. மழைக்கு முன்னாடி எனக்கு ஒரு ஷாட்டாவது வேணும்."

ஷாட் கிடைக்கவில்லை. மழை கொட்டியது.

அன்றைய வேலை முடிந்ததென்று சொன்னார்கள். ஈப்போவுக்குத் திரும்பும் முன் எல்லோருக்கும் முகத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். கூடாரத்துக்குள் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, ஒரு வாளி வெந்நீர், பேபி ஆயில், கைவிளக்கு. உதவிக்கு வந்த மெலிண்டா துணிகளைப் பிழிந்து பிழிந்து நீட்டினாள். விமலாவுக்கு யாருடைய முகத்தையும் பார்க்கப் பிடிக்கவில்லை. தாடை, கழுத்து, நெற்றி என்று தோலை மட்டும் பார்த்தாள். எண்ணெய் தடவி, நகத்தால் சுரண்டி ஓரத்தைக் கண்டுபிடித்துவிட்டால் போதும். பிறகு முழுப் புண்ணும் ஒரே இழுப்பில் உரிந்து வந்துவிடும். ஒருத்தர் எழுந்தால் இன்னொருத்தர் உட்கார்ந்தார். கூரைத் துணியில் மழை அறைந்தது. மனசுக்குள் ஆம்புரோஸோடு சண்டை ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மனுஷி சொன்னால் காது கொடுத்துக் கேட்க மாட்டார்களா? ஒருத்தர்கூடவா?

மெலிண்டா வாளித் தண்ணீரை மாற்ற வெளியே போனாள்.

அடுத்த ஆள் உட்கார்ந்தான். விமலா எண்ணெய் தடவினாள். நகத்தால் ஓரத்தைத் தேடினாள். கிடைக்கவில்லை. இன்னும் கொஞ்சம் எண்ணெய். காதுப்பக்கம் தேடினாள். தாடைக்குக் கீழே தேடினாள். எரிச்சலாக வந்தது. காலையில் அவசரத்தில் பசையை அதிகம் தடவியிருப்பாள். அழுத்திச் சுரண்டினாள்.

விரல் உள்ளே போனது.

சூடாக இருந்தது.

உப்பி அடங்கியது.

"மெதுவாம்மா," என்றான் அவன்.

விளக்கை உயர்த்தினாள். கட்டம் போட்ட சாரோங். சேறு படிந்த வெறுங்கால்கள். கண்கள் மூடியிருந்தன. வலியில் மூடிய கண்கள் அல்ல. சுகத்தில்.

"எங்கள யாரும் தொடுறதில்லம்மா," என்றான். "ரொம்ப நாளாச்சு."

துணி கைநழுவியது. நாற்காலி சாய்ந்ததா, அவள் சாய்ந்தாளா, தெரியவில்லை. மழைக்குள் ஓடினாள். சேறு. கேபிள். யாரோ ஒருவருடைய குடை. வலது கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்திருந்தாள். விரல் நுனிகள் சுட்டன.

"அண்ணே, அவன் கூடாரத்துக்குள்ள இருக்கான். நிஜம்ணே. எல்லாரையும் பஸ்ஸுல ஏத்துங்க. இப்பவே."

அந்த நேரம் பார்த்து ஜெனரேட்டர் உயிர் பெற்றது. பெரிய விளக்குகள் ஒரேயடியாக எரிந்தன. ஆம்புரோஸ் அவளைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பின்னால் பார்த்தார். அவர் முகம் காலையிலிருந்து முதல் தடவையாக மலர்ந்தது.

"அண்ணே, எங்க போயிட்டீங்க நீங்க? வாங்க, வாங்க. இப்படி லைட்டுக்கு வாங்க."

சாரோங் கட்டியவன் மரியாதையாக வந்து நின்றான்.

"தொடாதீங்க," என்றாள் விமலா.

மழையும் ஜெனரேட்டரும் அவள் குரலை விழுங்கின. மறுபடி கத்தினாள். கார்த்திகேசு அவள் தோளைப் பிடித்துக்கொண்டான். "அக்கா, டென்ஷன் ஆவாதீங்க. ஒரே ஷாட்டுதான், அப்புறம் போலாம்." சுகுமாரன் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்தான். அவனும் கேட்கவில்லை. ஆம்புரோஸ் அந்த ஆளின் தாடையை இரு விரலால் பிடித்து, வெளிச்சத்துக்குத் திருப்பினார். புண் ஒருமுறை ஆழமாக மூச்சு வாங்கியது.

லயத்தில் கதவுகள் திறந்தன.

பலகை உடையும் சத்தம் இல்லை. அடித்த பலகைகள் அடித்தபடியே இருந்தன. இருட்டிலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஆண்கள். பெண்கள். இடுப்பில் பிள்ளைகள். ஓடவில்லை. தள்ளவில்லை. வேலிக்கு உள்பக்கம் ஒருவர்பின் ஒருவராக வரிசையில் நின்றார்கள்.

"அடடா," என்றார் ஆம்புரோஸ் மெல்ல. "கேமராவ ரோல் பண்ணுலா."

புது வெந்நீரோடு மெலிண்டா வந்தாள். வேலியைப் பார்த்தாள். விமலா தூக்கிப் பிடித்திருந்த கையையும் பார்த்தாள். அவள் குரலில் பரிவு இருந்தது.

"நீங்க உட்காருங்கக்கா. மிச்ச ஆளுங்களுக்கு நானே தொடச்சு விடுறேன்."

விமலா அவளைத் தடுக்கப் பாய்ந்தாள். தோளில் இருந்த கார்த்திகேசுவின் பிடி இறுகியது.

மெலிண்டா ஈரத் துணியைப் பிழிந்து, முள்கம்பிக்கு நடுவே கையை நீட்டினாள். முதலில் நின்ற பெண் கண்களை மூடித் தாடையை உயர்த்திக் கொடுத்தாள். அவளுக்குப் பின்னால் இன்னொரு தாடை உயர்ந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. விளக்கு வெளிச்சம் எட்டுகிற தூரம் வரைக்கும், அதையும் தாண்டிச் செம்பனை இருட்டுக்குள்ளும், மழை வழியும் முகங்கள் ஒவ்வொன்றாக நிமிர்ந்தன, தங்கள் முறைக்காக.