கீழ்க் கடிகாரம்

கீழ்க் கடிகாரம் அன்று மாலை பிந்தியிருந்தது. பிந்துவது புதிதல்ல. பூமிக்கு நெருக்கமான கடிகாரம் மேலே இருப்பதைவிட மெதுவாகத்தான் ஓடும். மேல்மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் இடையே உள்ள அந்த இம்மி வித்தியாசத்தை அளக்கத்தான் அந்த ஆய்வகத்தில் அவளுக்குச் சம்பளம். ஆனால் இது இம்மியில்லை. திரையில் மேல் எண் ஓட ஓட, கீழ் எண் மூச்சு வாங்குவதுபோல நின்று நின்று நகர்ந்தது.

"வழக்கம்போல மேல இருக்கிறதுக்குச் சரிபண்ணி வைம்மா," என்றார் மேலாளர், தலையைத் தூக்காமல்.

"எப்பவும் கீழ இருக்கிறதுதான் தப்பா சார்?"

"ஒரு டிகிரி வாங்கினா வாய் இவ்வளவு நீளுமா?"

"எங்க வீட்டுல முதல் டிகிரி சார். நீளமாத்தான் இருக்கும்."

அவர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. கீழ்த்தளத்தைத் துடைக்க அம்மா மதியமே இறங்கியிருந்தாள். அந்தக் கட்டடத்தில் தினமும் கீழே போகிற ஒரே ஆள் அம்மாதான்.

இன்டர்காமை எடுத்தாள். இரும்புப் பீரோவைத் தரையில் இழுப்பதுபோல ஒரு முனகல் எழுந்தது, நீண்டது, கனத்தது, மெல்ல மெல்ல ஒரு சொல்லாகக் கூடியது. "என்ன...டீ..." அம்மாவின் குரல்.

"லைன் கோளாறு. காலையில ஆள் வந்து பாக்கட்டும்," என்றார் மேலாளர்.

"யாரோட காலையில சார்? உங்க காலையிலயா, எங்கம்மா காலையிலயா?"

கடிகாரத்தை அவள் திருத்தவில்லை. படியிறங்கினாள். பினாயில் வாசம் தொண்டையில் படிந்தது, கால்கள் கனத்தன, தலைக்கு மேல் விளக்கின் ரீங்காரம் கொசுவின் குரலாகக் கூர்ந்தது. அடியில் அம்மா குனிந்து நின்றாள். மாப்பிலிருந்து விழுந்த துளி அந்தரத்தில் நின்றது. அவள் இறங்க இறங்க அது அசைந்தது. கடைசிப் படியில் சொட்டென்று விழுந்தது.

"இப்பதான்டீ வாளியை வச்சேன். அதுக்குள்ள என்ன அவசரம்?"

மகள் நிமிர்ந்து பார்த்தாள்.

மேலே வாசலில் வெளிச்சம். இருட்டு. வெளிச்சம். மேலாளர் தெரிந்தார், மறைந்தார். மறுபடி தெரிந்தபோது நரைத்திருந்தார். அப்புறம் கைத்தடியோடு. அப்புறம் வாசலை அடைத்துச் செங்கற்கள், கல்மேல் கல்லாக, தானாக முளைப்பதுபோல.

"நாங்க உள்ள இருக்கோம்," என்று கத்தினாள்.

எஞ்சிய இடுக்கில் ஒரு கிழக் கண், சிலையைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்தது.

"நடம்மா."

அம்மாவின் கையை இறுக்கிப் பிடித்துக் காலைத் தூக்கினாள். பாதம் படியைத் தொடுமுன் கடைசிக் கல்லும் வந்து உட்கார்ந்தது.